நடுக்கோடு பாஸ் மார்க் அல்ல: குழந்தையின் வளர்ச்சி வரைபடத்தைப் படிப்பது எப்படி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. எங்கோ இறக்கிய ஓர் இலவசச் செயலியில் தன் மகளின் எடையைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். குழந்தைக்கு ஒரு வயது, எடை 7.8 கிலோ. திரையில் சிவப்பு எழுத்தில் "சராசரிக்குக் கீழே" என்று வந்திருந்தது. அதன் அடியில் அக்கா கேட்டிருந்தாள்: "நான் சரியா ஊட்டலையோடி?"

குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தாய் சேய் நல அட்டையில் உள்ள வரைபடத்தையோ, கைபேசியில் வரும் வளைகோட்டையோ பார்த்துவிட்டு, நம் குழந்தையின் புள்ளி நடுக்கோட்டுக்குக் கீழே இருந்தால் மனசு பதறிவிடுகிறது. பரீட்சையில் 35 மார்க்குக்குக் கீழே போனது போல ஓர் உணர்வு. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடுக்கோடு பாஸ் மார்க் அல்ல. நன்றாக வளரும் நூறு குழந்தைகளில் ஐம்பது பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள். நடு என்றாலே அதுதானே அர்த்தம்!

அப்படியானால் அந்தக் கோடுகள் எதற்கு? அவற்றை யார் வரைந்தார்கள், எப்படி வரைந்தார்கள்? இது தெரிந்தால் வரைபடத்தைப் பார்க்கும் விதமே மாறும். கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், எனக்கும் கணக்கு தூரம்தான்.

வரிசையில் நிற்கும் குழந்தைகள்

சரியாக 12 மாதம் ஆன நூறு பெண் குழந்தைகளை எடை பார்த்து, பள்ளிக்கூட பிரேயரில் நிற்க வைப்பது போல வரிசைப்படுத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை குறைந்தவர் முன்னால், கூடியவர் பின்னால். வரிசையின் சரிபாதியில் நிற்கும் குழந்தையின் எடைதான் நடு அளவு. முன்னாலிருந்து மூன்றாவது குழந்தையின் எடை மூன்றாவது சதமானம். இதையே 1 மாதம், 2 மாதம், 3 மாதம் என்று ஒவ்வொரு வயதுக்கும் செய்தால், ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு நடுப்புள்ளி, ஒரு கீழ்ப்புள்ளி, ஒரு மேல்புள்ளி கிடைத்துவிடும்.

இப்போது புள்ளிகளை இணைத்துப் பாருங்கள். கோடு வழவழவென்று வராது. 7 மாதத்தில் மேலே எகிறும், 8-இல் படுத்துவிடும், 9-இல் மறுபடி ஏறும். குழந்தைகள் எட்டாம் மாதத்தில் எடை ஏறாமல் நின்றுவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. நாம் எடை பார்த்த எட்டு மாதக் குழந்தைகளில் தற்செயலாகக் கொஞ்சம் மெலிந்தவர்கள் அதிகம் இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஓரத்துப் புள்ளிகள் இன்னும் மோசமாக ஆடும். நூறு பேரில் மூன்றாவது இடத்தில் நிற்கும் ஒரே ஒரு குழந்தைக்கு நேற்று வயிற்றுப்போக்கு என்றால், கோடே கீழே இறங்கிவிடும்.

அந்த மேடுபள்ளத்தை அப்படியே அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தால் என்ன ஆகும்? மேடு இருக்கும் மாதத்தில் எடை பார்த்த நல்ல குழந்தைக்குக்கூட 'எடை குறைவு' என்று வரும். பள்ளம் இருக்கும் மாதத்தில், உண்மையிலேயே இளைத்துக்கொண்டிருக்கும் குழந்தை 'நார்மல்' என்று வீட்டுக்குப் போய்விடும். கோட்டை இழைப்பது அழகுக்காக அல்ல என்பது இதிலேயே புரியும்.

புள்ளியைத் தொடாத கோடு

சிக்குக் கோலம் போடுபவர்களுக்கு இது சட்டென்று புரியும். கோடு புள்ளிகளின் மேல் போகாது, புள்ளிகளை ஒட்டி வளைந்து போகும். புள்ளிதான் வழிகாட்டி, ஆனால் கோடு புள்ளிக்கு அடிமை இல்லை. வளர்ச்சிக் கோடும் அப்படித்தான்.

அந்த வளைவைப் போட புள்ளியியலாளர்கள் பயன்படுத்தும் கருவிக்கு 'ஸ்ப்ளைன்' என்று பெயர். இது கப்பல் கட்டும் இடத்திலிருந்து வந்த சொல். கப்பலின் உடலுக்கு வளைவு வரைய, மெல்லிய, வளைந்து கொடுக்கும் ஒரு மரப்பட்டியை ஆங்காங்கே எடை வைத்து அழுத்தி, அதன் ஓரமாகக் கோடு இழுப்பார்கள். கணக்கில் வரும் ஸ்ப்ளைனும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பட்டி எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரொம்ப விறைப்பாக இருந்தால் அது வளையவே வளையாது. பிறந்த முதல் மூன்று மாதத்தில் குழந்தை கிடுகிடுவென்று எடை போடுவதும், பிறகு வேகம் குறைவதும் கோட்டில் தெரியாமல் போய்விடும். ரொம்பத் தொளதொளவென்று இருந்தால் கயிறு போல ஒவ்வொரு புள்ளிக்கும் ஓடி, பழைய மேடுபள்ளத்தையே திரும்பக் கொண்டுவரும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பதற்குச் சோதனைகள் உண்டு. ஆனாலும் கடைசியில் ஒரு மனிதர் பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய விஷயம் அது. அட்டையில் நாம் பார்க்கும் கோடு வானத்திலிருந்து விழுந்ததில்லை. மிகக் கவனமாகச் செய்த ஒரு மதிப்பீடு.

இன்னொரு யுக்தியும் எனக்குப் பிடித்திருந்தது. முதல் சில மாதங்களில் மாற்றம் ரொம்ப வேகம், பிறகு நிதானம். ஒரே விறைப்புள்ள பட்டி இரண்டுக்கும் பொருந்தாது. அதனால் வயது அச்சையே ரப்பர் போல இழுத்து, ஆரம்ப மாதங்களை அகலமாக்கிவிட்டு, கோடு போட்ட பிறகு பழையபடி சுருக்கிவிடுகிறார்கள்.

மூன்றே மூன்று எண்கள்

ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாக இழைத்தால் இன்னொரு தொல்லை வரும். ஒரு கோடு இன்னொன்றை வெட்டிவிடலாம். மூன்றாவது சதமானம் ஐந்தாவது சதமானத்தைவிட மேலே போய்விட்டால் சிரிப்பார்கள். இதற்கு ஒரு நல்ல வழியை பிரிட்டன் புள்ளியியலாளர் டிம் கோல் 1988-இல் வெளியிட்டார். எல்.எம்.எஸ். முறை என்று பெயர். கோடுகளை இழைக்க வேண்டாம், ஒவ்வொரு வயதிலும் குழந்தைகளின் எடை எப்படிப் பரவியிருக்கிறது என்பதை மூன்று எண்களில் பிடித்து, அந்த மூன்றை மட்டும் வயதோடு சேர்த்து இழைத்தால் போதும் என்பது யோசனை. எம் என்பது நடு அளவு. எஸ் என்பது நடுவைச் சுற்றி எவ்வளவு சிதறல். எல் என்பது அந்தச் சிதறல் ஒரு பக்கமாக எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. இந்த மூன்றும் கையில் இருந்தால் எந்தக் கோட்டை வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம், ஒன்றை ஒன்று வெட்டாது.

அது என்ன சாய்வு? உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் 12 மாதப் பெண் குழந்தையைப் பாருங்கள். நடு எடை சுமார் 8.9 கிலோ. கீழே 'மைனஸ் 2' கோடு 7.0 கிலோவில், மேலே 'பிளஸ் 2' கோடு 11.5 கிலோவில். கீழ்ப்பக்கம் 1.9 கிலோ தூரம், மேல்பக்கம் 2.6 கிலோ. இரண்டு பக்கமும் சமமில்லை. எடை என்பது அப்படித்தான். மெலிவதற்கு ஓர் எல்லை உண்டு, பருமனாவதற்கு இடம் அதிகம்.

இந்தச் சாய்வை மறந்துவிட்டு, இரு பக்கமும் சமம் என்று அதே அட்டவணையின் எம், எஸ் எண்களை வைத்துக் கணக்குப் போட்டேன். கீழ்க்கோடு சுமார் 6.75 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. அதாவது 6.9 கிலோ எடையுள்ள ஒரு வயதுப் பெண் குழந்தை, கவனிக்கப்பட வேண்டியவள், 'நார்மல்' பட்டியலில் நழுவிவிடுவாள். ஒரு சின்ன எண், ஆனால் அதன் பின்னால் ஒரு குழந்தைக்குச் சத்துமாவும் மருத்துவப் பரிசோதனையும் கிடைக்குமா கிடைக்காதா என்பது இருக்கிறது.

தப்பான கோடு ஒன்று செய்த வேலை

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், யாரை எடை பார்த்தோம் என்பது தப்பாக இருந்தால் கோடு தப்பாகத்தான் வரும். இது கற்பனை இல்லை, நடந்த கதை.

அமெரிக்காவின் தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையம் 1977-இல் ஒரு வளர்ச்சி வரைபடம் வெளியிட்டது. அதுவே பிறகு உலகம் முழுக்கப் போனது. அதில் இருந்த கைக்குழந்தைகளின் அளவுகள் ஒஹையோ மாநிலத்தின் எல்லோ ஸ்பிரிங்ஸ் ஊரில் நடந்த ஓர் ஆய்விலிருந்து வந்தவை. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் புட்டிப்பால் குடித்து வளர்ந்தவர்கள். அளவெடுத்ததோ மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. குழந்தை அதிவேகமாக வளரும் நேரத்தில் மூன்று மாத இடைவெளி என்றால், எந்தக் கணக்கு வைத்தும் அந்த வளைவைச் சரியாகப் பிடிக்க முடியாது. இரண்டு வயதுக்கு ஒரு தரவு, அதற்கு மேல் வேறொரு தரவு என்று ஒட்டுப்போட்டதால், 24 மாதத்தில் ஒரு தாவலும் இருந்தது.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை முதல் இரண்டு மூன்று மாதம் நன்றாக எடை போடும், பிறகு புட்டிப்பால் குழந்தையைவிட நிதானமாக ஏறும். அதுதான் அதன் இயல்பு. ஆனால் அந்தப் பழைய வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், நான்கைந்து மாதத்தில் குழந்தை சரிவது போலத் தெரியும். "பால் பத்தலை, வேற ஏதாவது குடுங்க" என்ற பேச்சு நம் வீடுகளில் எவ்வளவு சீக்கிரம் வரும் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு ஒரு காகிதமும் சாட்சி சொன்னால்? ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே, அது போதவில்லை என்று காட்டும் வரைபடத்தை இன்னொரு பக்கம் கையில் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இதைச் சரிசெய்யத்தான் உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஒரு பெரிய ஆய்வை நடத்தியது. பிரேசிலில் பெலோட்டாஸ், கானாவில் அக்ரா, நார்வேயில் ஆஸ்லோ, ஓமனில் மஸ்கட், அமெரிக்காவில் டேவிஸ், நம் நாட்டில் தெற்கு டெல்லி என ஆறு இடங்களில் 8,440 குழந்தைகள். எல்லாரும் தாய்ப்பால் குடித்தவர்கள், வசதியான சூழலில் வளர்ந்தவர்கள், தாய் புகைபிடிக்காதவர். பிறந்த குழந்தைகளை இரண்டு வயதுக்குள் 21 முறை வீடு தேடிப்போய் அளந்தார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் தனித்தனியாக அளப்பார்கள். இருவர் எடுத்த எடையில் 100 கிராமுக்கு மேல், நீளத்தில் 7 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் இருவருமே மறுபடி அளக்க வேண்டும்.

கோடு போடும் முறையைத் தேர்ந்தெடுக்கவே 30 முறைகளைப் பரிசீலித்தார்கள். கோலின் முறையை விரிவாக்கிய, நான்கு எண்கள் கொண்ட ஒரு முறையை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எடைக்கு மூன்று எண்களே போதும், உயரத்துக்குச் சாய்வுகூட வேண்டாம் என்று தரவே காட்டிவிட்டது. கோடு பொருந்துகிறதா என்று பார்க்க 'புழு வரைபடம்' என்று ஒன்று உண்டு (நிஜமாகவே அதுதான் பெயர்). புள்ளிகளெல்லாம் ஒரு புழு போல நெளிந்து தெரியும். புழு சமமாகப் படுத்திருந்தால் கோடு சரி. தலையையோ வாலையோ தூக்கினால் திரும்பக் கணக்குப் போட வேண்டும்.

முடிவு பலரையும் யோசிக்க வைத்தது. குழந்தைகளின் நீளத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் 3 சதவீதம் மட்டுமே ஊருக்கு ஊர் உள்ள வித்தியாசம். சுமார் 70 சதவீதம் ஒரே ஊருக்குள் குழந்தைக்குக் குழந்தை உள்ள வித்தியாசம். "நம்ம ஊர் பிள்ளைங்க சின்னதாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு எளிதில் கடந்துபோக முடியாது என்று இதற்குப் பொருள். முதல் ஐந்து வருடத்தில் நல்ல உணவும் சுகாதாரமும் கிடைத்தால் டெல்லிக் குழந்தையும் ஆஸ்லோ குழந்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளர்கிறார்கள்.

2006 ஏப்ரலில் வெளியான இந்தக் கோடுகளை இந்தியா 2008-இல் அங்கன்வாடிகளுக்கு ஏற்றுக்கொண்டது. இன்று உங்கள் அட்டையில் இருப்பதும், 2021 மார்ச்சில் தொடங்கிய போஷன் டிராக்கர் செயலியில் அங்கன்வாடிப் பணியாளர் எடையும் உயரமும் பதிந்தால் பின்னணியில் கணக்குப் போடுவதும் இவைதான்.

இப்போது உங்கள் கைபேசியை எடுங்கள்

அக்காவிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "போன தடவை எவ்வளவு, அதுக்கு முந்தின தடவை எவ்வளவு?" அட்டையைப் பார்த்துச் சொன்னாள். 6 மாதத்தில் 6.4, 9 மாதத்தில் 7.2, இப்போது 7.8. உலக சுகாதார நிறுவனத்தின் எண்களை வைத்துப் பார்த்தால் மூன்று முறையும் அவள் 'மைனஸ் 1'-க்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய மைனஸ் 1.1-இல் இருக்கிறாள். அதாவது நூறு ஆரோக்கியமான குழந்தைகளில் 13, 14 பேர் இவளைவிட எடை குறைவாக இருப்பார்கள். தன் கோட்டைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் போகிறாள். அந்தச் சிவப்பு எழுத்துக்கு வேலையே இல்லை.

இப்போது இன்னொரு குழந்தையைக் கற்பனை செய்யுங்கள். 6 மாதத்தில் 7.9 கிலோ, 9 மாதத்தில் 8.1, 12 மாதத்திலும் 8.1. அக்கா மகளைவிட 300 கிராம் அதிகம். அட்டையில் பச்சைப் பகுதிதான். செயலியும் 'நார்மல்' என்றுதான் காட்டும். ஆனால் நடுக்கோட்டுக்கு மேலே பிளஸ் 0.65-இல் இருந்தவள் மைனஸ் 0.8-க்கு இறங்கிவிட்டாள். ஆறு மாதத்தில் ஏறியது 200 கிராம். மருத்துவரிடம் காட்ட வேண்டியவள் இவள்தான். பச்சையா மஞ்சளா என்று மட்டும் பார்த்தால் இவளை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அதனால் நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள், போகும் திசையையும் பாருங்கள். மஞ்சள் என்பது 'மைனஸ் 2'-க்குக் கீழே, ஆரஞ்சு 'மைனஸ் 3'-க்குக் கீழே. ஆரஞ்சில் இருந்தால் அடுத்த மாத எடைக்குக் காத்திருக்காமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். நன்றாக வளரும் குழந்தைகளிலும் நூற்றுக்கு இரண்டு பேர் மஞ்சளில் இருக்கக்கூடும். அதை முடிவு செய்ய வேண்டியது மருத்துவர், பக்கத்து வீட்டு அத்தை அல்ல.

அச்சடித்த கோடு வழவழவென்று இருப்பதால், நம் குழந்தையின் கோடும் அப்படியே போக வேண்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அது பல நூறு குழந்தைகளைச் சேர்த்து இழைத்தது. ஒரு குழந்தை காய்ச்சலில் 200 கிராம் குறையும், பிறகு பிடித்துவிடும். காலையில் ஒரு எடை, சாப்பிட்ட பின் ஒரு எடை, நனைந்த டயப்பரோடு இன்னொரு எடை. தினமும் எடை பார்ப்பது உங்கள் நிம்மதியைத்தான் குறைக்கும். மாதம் ஒரு முறை, முடிந்தவரை அதே தராசில், குறைந்த உடையோடு பார்த்தால் போதும். முதல் சில மாதங்களில் ஒரு கோட்டிலிருந்து பக்கத்துக் கோட்டுக்கு நகர்வதும் சகஜம்.

தப்பு பெரும்பாலும் எண் பதியும்போதுதான் நடக்கிறது. ஒரு வயதுப் பெண் குழந்தை 7.0 கிலோ என்றால் மைனஸ் 2 கோட்டை ஒட்டி நிற்கிறாள். செயலியில் தவறி 'ஆண்' என்று தொட்டுவிட்டால் அதே எடை மைனஸ் 2.9 ஆகிவிடும், கிட்டத்தட்ட ஆரஞ்சு. பிறந்த தேதி ஒரு மாதம் மாறினாலும் கோளாறுதான். குறைமாதத்தில் பிறந்திருந்தால் இரண்டு வயது வரை, எத்தனை வாரம் முன்பே பிறந்தது என்பதைக் கழித்த வயதைத்தான் பார்க்க வேண்டும். இதை அங்கன்வாடியில் நீங்களே நினைவுபடுத்துங்கள். தனியார் செயலி என்றால் எந்த வரைபடத்தை வைத்துச் சொல்கிறது என்று அமைப்புகளில் தேடிப் பாருங்கள். எங்குமே சொல்லவில்லை என்றால் அதை நீக்கிவிடலாம் என்பது என் கட்சி.

உயரத்தில் ஒரு சின்ன விஷயம். இரண்டு வயது வரை படுக்க வைத்து நீளம் அளப்பார்கள், அதன் பின் நிற்க வைத்து உயரம். நின்றால் அளவு சுமார் 0.7 சென்டிமீட்டர் குறையும். வரைபடத்திலேயே 24 மாதத்தில் அதற்கேற்ப ஓர் இறக்கம் வைத்திருக்கிறார்கள். ஆகவே இரண்டாவது பிறந்தநாளுக்குப் பிறகு "பாப்பா குட்டையாயிட்டாளா?" என்று கேட்க வேண்டாம்.

ஐந்து வயதுக்கு மேல் இந்த வரைபடம் முடிந்துவிடும். 5 முதல் 18 வயது வரை இந்தியக் குழந்தைகளுக்கென இந்தியக் குழந்தைகள் மருத்துவக் கழகம் 2015-இல் வெளியிட்ட வரைபடங்கள் இருக்கின்றன. பல குழந்தை நல மருத்துவர்கள் அவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

எடையில் சந்தேகம் என்றால் கைபேசியில் 104-ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம். கூப்பிடும்போது அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய எடையை மட்டும் சொல்லாமல் கடைசி மூன்று எடைகளையும் தேதியோடு சொல்லுங்கள். அக்கா இப்போது அதையும் செய்வதில்லை. ஒவ்வொரு மாதமும் அட்டையின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிடுகிறாள். போன மாதப் புள்ளி 8.0 கிலோ.